நந்தியின் வலது கை

பந்தயம் என்றாலே ஜெயித்தவனைப் பற்றித்தான் பேச்சு. கோப்பையைத் தூக்கியவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். கடைசியில் வந்தவனிடம் போய், "ஏன்யா, உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்க ஒரு நாதி இருக்காது. அப்படி யாரும் கேட்காத ஆள்தான் நந்தி. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, தலை நிறைய முடி இருந்த காலத்திலிருந்து தலை பளபளக்கிற காலம்வரை அவர் கார்ப் பந்தயத்தில் வாலில்தான் ஓடினார்.

நந்தி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. குறுக்கே நின்று வழியை மறைக்கிறவனை நந்தி என்று திட்டுவது வழக்கம்தானே. முதல் வருடம் அவர் டிராக்கில் இறங்கியபோது, பின்னால் வந்து மாட்டிக்கொண்ட எவனோ ஒருவன் பந்தயம் முடிந்ததும் எரிச்சலில், "இந்த நந்தியை யாராவது நகர்த்துங்கப்பா" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் யாரையும் மறைத்ததில்லை. ஒரே ஒரு முறை விலகிய நந்தியைக் காலமெல்லாம் சொல்லிச் சொல்லிக் கும்பிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க விலகிய இந்த நந்திக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை.

வார நாட்களில் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். ஓட்டுநர் பள்ளியின் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மிதிப்பதுதான் பிழைப்பு. அடுத்தவன் ஓட்டுகிற காருக்குப் பிரேக் போட்டுப் போட்டே முழங்கால் தேய்ந்துபோன மனிதர். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடக்கும் பழைய பந்தயக் காரை வண்டியில் ஏற்றிக்கொண்டு டிராக்குக்குக் கிளம்பிவிடுவார். ஒரே ஆள் உட்காருகிற, மேலே திறந்த, சவப்பெட்டி நீளத்தில் ஒரு கார். மற்ற நாட்களில் அதன்மேல் மனைவி துணி உலர்த்துவாள்.

அந்த டிராக்கில் புது எஞ்சின் கார்களும் பழைய எஞ்சின் கார்களும் ஒன்றாகவே ஓடும். தனித்தனியாக விட்டால் பார்க்க ஆள் வராது. பழைய கார்களுக்கென்று தனிப் பரிசு ஒன்று உண்டு. அதையும் நந்தி வாங்கியதில்லை என்பதால் காரை மட்டும் குறை சொல்ல முடியாது.

வேடிக்கை பார்ப்பவர்கள், முதலில் போகிறவனுக்கு எதிரி இரண்டாவதாக வருகிறவன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது பாதிப் பந்தயம்வரைதான். அதற்குள் முதலில் போகிறவன் ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றிவந்து, வாலில் ஊர்கிறவர்களின் முதுகைப் பிடித்துவிடுவான். அங்கேதான் வினை காத்திருக்கும். நேர்ச்சாலையில் பிடித்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடலாம். வளைவுக்குள் பிடித்தானோ, தொலைந்தான். முன்னால் போகிற கார் கலைத்துவிட்ட காற்றில் அவன் கார் பிடி கிடைக்காமல் தத்தளிக்கும். ஓரமாகத் தாண்டலாம் என்றால் அங்கே டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர் பொடியும் மணலும் கிடக்கும். அந்த ஒரு வளைவு போதும், பின்னால் வந்தவன் ஒட்டிக்கொள்வான். முதல்வன் மாட்டிய ஆமை வண்டியை இரண்டாமவன் அடுத்த நேர்ச்சாலையில் சுலபமாகத் தாண்டிவிட்டால் மொத்தக் கதையும் தலைகீழ். நந்தி எந்த வளைவில் ஊர்ந்துகொண்டிருந்தார் என்பதை வைத்தே எத்தனையோ கோப்பைகள் கைமாறியிருக்கின்றன. வாங்கியவர்கள் எல்லாம் தங்கள் திறமை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் விலகுவதிலும் ஒரு திறமை இருக்கிறது, அது நந்தியிடம் இருந்தது. டிராக் ஓரத்தில் நீலக்கொடி ஆடினால், பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விடு என்று அர்த்தம். கொடி ஆடும் முன்பே எஞ்சின் சத்தத்தை வைத்து வருவது யார் என்று நந்திக்குத் தெரிந்துவிடும். புது ஆட்கள் கொடியைப் பார்த்ததும் பதறிப்போய் அங்கேயும் இங்கேயும் திருப்புவார்கள். நந்தி திருப்ப மாட்டார். தன் தடத்திலேயே போவார். வளைவு முடிகிற இடத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்துவார். எந்தப் பக்கம் தாண்டலாமோ அந்தப் பக்கம் கையை நீட்டுவார். நீட்டிய பக்கம் செத்தாலும் வர மாட்டார். முன்னணியில் ஓடுகிறவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டால் பிரேக்கில் கால் வைப்பதே இல்லை.

"மாஸ்டர், உங்களை மாதிரி ஒதுங்கிக் குடுக்க ஆளே கிடையாது. நீங்க இல்லாத ரேஸ்ல ஓட்டவே பயமா இருக்கு" என்று ஒருநாள் டாக்டர் சொன்னார். டாக்டர் என்றால் பல் டாக்டர். வாரம் முழுக்கப் பல்லைப் பிடுங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோப்பையைப் பிடுங்க வருகிறவர்.

இந்தப் பாராட்டை நந்தி வீட்டுக்கு எடுத்துவந்து மனைவியிடம் சொன்னார்.

"ஒதுங்கறதுக்கு ஒரு பாராட்டா? வீட்லயே ஒதுங்கி உக்காந்திருந்தா பெட்ரோலாவது மிச்சம்" என்றாள் அவள்.

இந்தக் கதையில் கோப்பை வாங்குகிறவன் வேறு யாருமில்லை, நந்தியின் கூடப் பிறந்த தம்பி. அண்ணனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்தவன். ஒருநாள் பயிற்சி ஓட்டத்தின்போது நந்திக்குக் காய்ச்சல். "நீ வேணா ரெண்டு ரவுண்டு போய்ட்டு வாடா" என்றார். தம்பி போனான். அதே காரில், அதே டயரில், அண்ணன் அத்தனை வருடத்தில் ஓட்டாத வேகத்தை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, "அண்ணா, கார் நல்லாத்தான் இருக்கு" என்றான். இந்தக் குடும்பத்தில் ஓட்டத் தெரிந்தவன் யார் என்பது நந்திக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. அதற்காக அவர் அழவில்லை, காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

தம்பிக்கு ஒரு டயர்க்கடை முதலாளி புது எஞ்சின் கார் வாங்கிக் கொடுத்தார். வருடத்துக்கு வருடம் கோப்பை. மேடையில் மைக் கொடுத்தால் டயர்க்கடைக்கு நன்றி, மெக்கானிக்குக்கு நன்றி, மைக் கட்டியவருக்கும் நன்றி. முதல் காரைக் கொடுத்த அண்ணன் பெயர் மட்டும் அவன் வாயில் வந்ததில்லை. வேண்டுமென்று விட்டதில்லை, அவனுக்குத் தோன்றவே இல்லை. மேடையிலிருந்து இறங்கிவந்து நந்தியின் தோளில் கையைப் போட்டு, "இன்னிக்கு மூணு தடவை உன்னைத் தாண்டினேன்ணா, கவனிச்சியா?" என்பான். வீட்டில் சாப்பிடும்போதும் அதையே சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள். நந்தியும் சிரிப்பார்.

அப்புறம் ஏன் விடாமல் ஓட்டினார் என்று கேட்டால், வேகம் பிடிக்கும் என்பார். பொய். தம்பி ஒரே ஒரு முறை தன்னையும் ஒரு ரேஸ்காரனாக மதிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. வெளியே சொல்ல வெட்கம், விட்டுவிடவும் மனமில்லை.

இங்கே அந்தக் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாலையில் வலது கையை நீட்டினால், 'நான் வலது பக்கம் போகப்போகிறேன், தாண்டாதே' என்று பொருள். டிராக்கில் வலது கையை நீட்டினால், 'வலது பக்கமாகத் தாண்டிப் போ, நான் அங்கே வரமாட்டேன்' என்று பொருள். ஒரே கை, ஒரே நீட்டல், நேர் எதிரான அர்த்தம். வாரத்தில் ஆறு நாள் ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஏழாம் நாள் மற்றதைச் செய்கிற ஆள் ஊரிலேயே அவர் ஒருவர்தான். இத்தனை காலத்தில் ஒருமுறைகூட அவருக்கு அது குழம்பியதில்லை.

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். தம்பியும் டாக்டரும் புள்ளிகளில் சமம். இருவரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கே பட்டம். பந்தயத்துக்கு முன்னால் நந்தி கூடாரத்தில் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான்.

"அண்ணா, ஒரு சின்ன உதவி."

"சொல்லுடா."

"கடைசில உன்னை வந்து பிடிப்போம். நான் தாண்டினதும் டாக்டரை ஒரே ஒரு வளைவு பிடிச்சு வெச்சுக்கோ. கொடியைப் பாக்கலைன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க."

நந்தி துடைப்பதை நிறுத்தினார். "அது மட்டும் முடியாதுடா. கொடி ஆடினா விட்டுருவேன். உனக்கும் அதான், அவருக்கும் அதான்."

அவர் மனதில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. தம்பி கோபப்படுவான், ஒருவேளை உள்ளுக்குள் மதிப்பான் என்று. தம்பி சிரித்தான்.

"தெரியும்ணா, உன்னால அதெல்லாம் முடியாது. சும்மா கேட்டுப் பாத்தேன்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்கப் பள்ளிக் காரின் இண்டிகேட்டர் கெட்டுக் கிடந்தது. முதலாளி இன்றைக்கு மாற்றுகிறேன், நாளைக்கு மாற்றுகிறேன் என்று இழுத்தடித்தார். திங்கள் முதல் சனிவரை ஒவ்வொரு திருப்பத்திலும் கற்றுக்கொள்பவர்களை, "கையை நீட்டுங்க, நல்லா நீட்டுங்க" என்று நந்தி நச்சரித்தார். அவர்கள் மறந்தபோதெல்லாம் ஓட்டுகிற இருக்கைக்குத் தானே மாறி உட்கார்ந்து நீட்டிக் காட்டினார். இதெல்லாம் பிற்பாடு யோசித்துப் பார்த்தபோது தெரிந்தது. அன்றைக்கு டிராக்கில் இறங்கியபோது இப்படி ஒரு வினை கையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

பந்தயம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. நந்தி வளைவை முடித்து வெளியே வந்தபோது நீலக்கொடி ஆடியது. சத்தம் தம்பியுடையது. அவனுக்குப் பின்னால் டாக்டரின் எஞ்சின், நூல் பிடித்த மாதிரி. காலைத் தளர்த்தி, வலது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தன் தடத்தில் போனார். அப்போதுதான் எதிரே பார்த்தார். அவருடைய தடத்தில், எந்தக் காரிலிருந்தோ கழன்று விழுந்த தகடு ஒன்று கத்தி மாதிரி நிமிர்ந்து கிடந்தது. இடது பக்கம் இருந்த சந்தில் அந்த வேகத்தில் ஒதுங்க முடியாது. வலது பக்கம் போயே ஆக வேண்டும்.

வலது பக்கம் போகிறவன் என்ன செய்வான்? வாரமெல்லாம் என்ன செய்தாரோ அதைச் செய்தார். வலது கையை நீட்டினார். நன்றாக நீட்டினார்.

தம்பி அந்தக் கையைப் பார்த்தான். ஊரே நம்பிய கை. பிரேக்கைத் தொடாமல் வலது பக்கம் பாய்ந்தான். நந்தியும் வலது பக்கம் திரும்பினார். சக்கரத்தின்மேல் சக்கரம் ஏறியது. தம்பியின் கார் ஒரு முறை எகிறி, சரளைக் கற்களுக்குள் பக்கவாட்டில் போய் விழுந்தது. டாக்டர் பிரேக்கை அழுத்தி, தகட்டை ஒட்டி இடது பக்கமாக ஊர்ந்து, தாண்டிப் போனார். தாண்டியவர் பட்டம் வாங்கினார்.

தம்பி எழுந்து நடந்து வந்தான். மணிக்கட்டில் முறிவு, வேறொன்றுமில்லை. அந்த ஒரு விஷயத்துக்கு நந்தி அன்றைக்கு எத்தனை தெய்வங்களைக் கூப்பிட்டார் என்று அவருக்கே கணக்கில்லை.

ஆனால் அதற்குள் டிராக் முழுக்க ஒரே பேச்சு. "வயித்தெரிச்சல்யா. தம்பி ஜெயிக்கறதை எத்தனை நாள்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு." "பூனை மாதிரி இருந்துக்கிட்டு புலி வேலை பாத்துட்டாரு பாரு." இத்தனை காலமாக இந்த மனிதருக்கு ஒரு வயிறு இருக்கிறது என்றே நினைக்காதவர்கள், ஒரே மணி நேரத்தில் அதற்குள் என்ன எரிகிறது என்றுவரை கண்டுபிடித்துவிட்டார்கள். டயர்க்கடை முதலாளி நேராக நடுவர்களிடம் போய், வேண்டுமென்றே செய்தது என்று புகார் கொடுத்தார்.

நடுவர்கள் அறையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தைத் திருப்பாத ஒரு மின்விசிறி. பெரிய நடுவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தம்பியின் கையில் கட்டு.

"கையை எதுக்கு நீட்டினீங்க மாஸ்டர்?" என்று அந்தம்மா கேட்டார்.

"நான் வலது பக்கம் வர்றேன்னு சொல்றதுக்கு."

"டிராக்ல அதுக்கு அர்த்தம் வேற ஆச்சே?"

"தெரியும்மா. ஸ்கூல் கார்ல இண்டிகேட்டர் வேலை செய்யலை. வாரம் பூரா கையாலதான் காட்டிக்கிட்டு இருந்தேன். அந்த ஞாபகத்துல…"

பக்கத்திலிருந்த இளம் நடுவர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். பெரிய நடுவர் சிரிக்கவில்லை. தம்பியிடம் திரும்பினார்.

"உங்க முதலாளி வேணும்னே பண்ணதா சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

நந்தி தம்பியின் முகத்தையே பார்த்தார். என்னை நம்புடா என்று வாய்விட்டுச் சொல்லாத குறை.

தம்பி நம்பினான்.

"சேச்சே, எங்க அண்ணன் வேணும்னு பண்ணலைம்மா" என்றான். கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே, களைப்பாக, சாதாரணமாகச் சொன்னான். "வேணும்னு பண்றதுக்கும் உள்ள ஒண்ணு வேணும் இல்ல? அது அவர்கிட்ட கிடையாது. இருந்திருந்தா இத்தனை வருஷம் கடைசில ஓடியிருப்பாரா? வேணும்னு பண்ணியிருந்தார்னா கூட, பரவாயில்லை, இவரும் ஒரு ரேஸ்காரர்தான்னு நான் சந்தோஷப்பட்டிருப்பேன். இது சும்மா ஒரு தடுமாற்றம். விட்டுருங்க, பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல்தான் நந்தியின் மேல் வந்து விழுந்தது. திருடன் என்றிருந்தால் தாங்கியிருப்பார். துரோகி என்றிருந்தாலும் தாங்கியிருப்பார். தன்னைக் காப்பாற்றத்தான் தம்பி பேசினான் என்பது தெரிந்ததால் வலி இன்னும் கூடியது.

"சரி. தவறுதலா நடந்ததுன்னு எடுத்துக்கறோம். ரெண்டு ரேஸுக்குத் தடை, அவ்வளவுதான். போய்ட்டு வாங்க மாஸ்டர்" என்றார் பெரிய நடுவர்.

நந்தி எழுந்திருக்கவில்லை.

"வேணும்னேதாம்மா பண்ணேன்" என்றார்.

இளம் நடுவரின் சிரிப்பு நின்றது. பெரிய நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாஸ்டர், யோசிச்சுப் பேசுங்க. இதை நான் பதிஞ்சுட்டா ரேஸ் லைசென்ஸ் போயிடும். திரும்பக் கிடைக்காது. இண்டிகேட்டர் கதை சொன்னீங்களே?"

"அது பொய். தகடு கிடந்தது, சாக்கு கிடைச்சுது. அந்தப் பக்கம் வருவான்னு தெரிஞ்சுதான் கையை நீட்டினேன். என் கையை அவன் நம்புவான்னு எனக்குத் தெரியாதா?"

லைசென்ஸ் போனது.

வெளியே நடையில் தம்பி அவருடைய சட்டையைப் பிடித்தான், நல்ல கையால். "ஏன்? ஏன்ணா? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

சொன்ன பொய்க்குக் காரணம் தேட வேண்டியிருக்கும் என்று நந்தி நினைத்திருந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறந்ததும் தானாக வந்தது. காய்ச்சலோடு போர்த்திக்கொண்டு படுத்தது வந்தது. மைக் கட்டியவனுக்குச் சொன்ன நன்றி வந்தது. தோளில் போட்ட கை, சாப்பாட்டு நேரத்துச் சிரிப்பு, முதுகில் தட்டிய தட்டு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றுகூடப் பொய்யில்லை. செய்யாத குற்றத்துக்கு இத்தனை உண்மையான காரணங்கள் தன்னிடம் இருந்ததைக் கேட்டு அவரே மிரண்டுபோனார்.

தம்பி சட்டையை விட்டான். பந்தயம் தொடங்குமுன் டாக்டரை எப்படிப் பார்ப்பானோ, அப்படி அண்ணனைப் பார்த்தான். சமமான எதிரியைப் பார்க்கிற பார்வை. நந்தி ஆயுள் முழுக்க ஏங்கியது அதற்குத்தான். அது கிடைத்த அந்தக் கணத்தில் அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது, மறைப்பானேன்.

பிறகு தம்பி திரும்பிப் போனான். அன்றோடு பேச்சு நின்றது. வீட்டுக்கு வருவது நின்றது. புது வீடு கட்டிக் குடிபோனான், அண்ணனுக்குச் சொல்லவில்லை. டாக்டர் எதிரே பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒதுங்கிக் கொடுப்பதில் நந்தியைப் போல ஆள் கிடையாது என்று சொன்ன அதே வாய், அந்த ஆள் பக்கத்தில் போகாதீர்கள் என்று புது ஆட்களுக்குச் சொன்னதாகக் கேள்வி. அவரிடம் இருந்த ஒரே நல்ல பெயர் அது. அதைத் தன் கையாலேயே கொன்று புதைத்துவிட்டார். பழைய காரை யாருக்கோ தள்ளிவிட்டார். கொட்டகையில் மனைவி கொடி கட்டித் துணி உலர்த்துகிறாள்.

நடந்தது இன்னதென்று அவளுக்கு மட்டும் தெரியும். அன்று சாயங்காலமே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்தாள். தம்பி வீட்டுப் பிள்ளைகளைக் கடைத்தெருவில் பார்த்தும் பேசாமல் அவர் திரும்பி வந்த ஒருநாள் அவளுக்கும் தாங்கவில்லை.

"எத்தனை நாளைக்குங்க இப்படி? போய்ச் சொல்லிடுங்க. கை ஏதோ ஞாபகத்துல நீண்டுடுச்சு, அன்னிக்குச் சொன்னது பொய்னு சொல்லுங்க. கூடப் பொறந்தவன், நம்ப மாட்டானா?"

"நம்புவான்" என்றார் நந்தி. "சொன்ன உடனே நம்பிடுவான். அதுதான் பயமா இருக்கு."